ஒரு நாளுக்குரிய மன்னா

கர்த்தருக்குள் பிரியமான சபையாரே,



லெந்து காலத்தின் முதல் வாரத்தில் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது உறுதியாயிற்று. அதை உங்களில் எவருக்கும் நாங்கள் மறைக்கவில்லை. ஆயினும் வாரந்தோறும் எழுதும் இத்தியானத்தில் இந்த 5 மாதங்களாக அதைக் குறித்து ஒரு வரியும் எழுதாதிருந்தேன். நோய் அவளுடையது, அதைப் பற்றிப் பேசும் உரிமையும் முதலில் அவளுடையதே. சென்ற வாரம் அவளாகவே, "எழுதுங்க" என்றாள். கூடவே இரண்டு நிபந்தனைகள் வைத்தாள். "நான் சுகமாயிட்டேன்னு எழுதாதீங்க, இன்னும் ஆகல. ரொம்பத் தைரியமா இருக்கான்னும் எழுதாதீங்க. எல்லா நாளும் அப்படி இல்ல." இவ்விரண்டுக்கும் உட்பட்டே இதை எழுதுகிறேன்.

ஆகவே, நம் சபைகளில் வழங்கும் பொருளில் இது ஒரு சாட்சி அல்ல. நாம் சாட்சி என்று சொல்வது பெரும்பாலும் முடிவு தெரிந்தபின் சொல்லப்படுவது. வியாதி வந்தது, ஜெபித்தோம், கர்த்தர் சுகந்தந்தார், ஸ்தோத்திரம் என்று அது நிறைவுபெறும். அப்படிப்பட்ட சாட்சிகளுக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறேன். ஆனால் நாங்கள் இருப்பது நடுவழியில். மொத்தம் 16 முறை கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்; 11 முடிந்திருக்கின்றன. இடையில் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவில் அவ்வளவு மாற்றமில்லை. இன்னும் 5 முறை மருந்து, அதன்பின் அறுவைச் சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சு. முடிவு எப்படியிருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. கர்த்தரும் எங்களுக்கு வெளிப்படுத்தவில்லை. இந்த இடத்தில் நின்றுகொண்டு விசுவாசம் என்பது என்ன? இதற்கு எங்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

21 நாள் கணக்கு

முதல் நான்கு முறையும் 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். அதில் ஒன்று சிவப்பு நிறமானது. அந்த வார்டில் அதற்கு வேறு பெயர் இல்லை. நோயாளிகளும் தாதியரும் அதைச் சிவப்பு மருந்து என்றே சொல்லுகிறார்கள். அது குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், இதையெல்லாம் ஒரே மாதத்தில் கொடுத்து முடித்துவிட இயலாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையோடு விளக்கினார். இம்மருந்து வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்கும். புற்றுநோய் அணுக்கள் அப்படிப்பட்டவை. ஆனால் எலும்பு மஜ்ஜையும், முடியின் வேர்களும், வாயின் உட்தோலும் அப்படிப்பட்டவையே. எனவே மருந்து ஏற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். பின்பு மஜ்ஜை மெல்ல மெல்ல மீண்டெழும். 21ஆம் நாளளவில் உடல் அடுத்ததைத் தாங்க ஆயத்தமாகும். "நோய்க்கு எவ்வளவு வேணும்னு மட்டும் பார்த்தாப் போதாது ஐயா, ஆள் எவ்வளவு தாங்குவாங்கன்னும் பார்க்கணும்" என்றார்.

அந்த வார்த்தை என் உள்ளத்தில் தங்கிவிட்டது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் மன்னாவைக் கொடுத்தார். தலைக்கு ஒரு ஓமர் அளவு. காலையில் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் உருகிப்போகும். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுடையது புழுத்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரட்டிப்பாய்க் கிடைத்தது, அது கெடவில்லை. இப்படியே நாற்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் எந்த இஸ்ரவேலனுடைய கூடாரத்திலும் ஒரு மாதத்துக்குரிய உணவு சேமிப்பில் இருந்ததில்லை. ஒவ்வொரு இரவும் அவர்கள் வெறும் பாத்திரத்தோடுதான் உறங்கினார்கள். கர்த்தர் அவர்களைப் பட்டினி போடவில்லை. ஆனால் களஞ்சியம் வைத்துக்கொள்ளவும் விடவில்லை.

நான்காம் முறைக்குப் புறப்படுவதற்கு முந்தின இரவு, நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மீதியுள்ள தேதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வாராந்திர மருந்து எப்போது தொடங்கும், அசனப் பண்டிகைக்குள் முடியுமா, அறுவைச் சிகிச்சை எந்த மாதத்தில் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு உள்ளதுக்கு நாளைக்குக் கிருபை வரும். பதினாறாவதுக்கு உள்ளதை இன்னைக்கே கேட்டா அது எப்படிங்க வரும்?" என்றாள். அவள் அதை ஒரு போதனையாகச் சொல்லவில்லை. விளக்கை அணைக்கச் சொல்வதற்காகச் சொன்னாள். நான் விளக்கை அணைத்தேன்.

பிரியமானவர்களே, விசுவாசம் என்றால் வரப்போகும் எல்லாவற்றையும் தாங்கும் பெலன் இன்றே உள்ளத்தில் நிறைந்திருப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படிப்பட்ட பெலன் நம்மிடம் இல்லாதபோது, நமக்கு விசுவாசம் இல்லையோ என்று கலங்குகிறோம். ஆனால் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் நாம் கேட்பது இன்றைய ஆகாரத்தை மட்டுமே. நாளைய தினத்தின் பாடு நாளைக்கு என்று விட்டுவிடும்படி மலைப்பிரசங்கத்தில் அவர் நமக்குச் சொன்னார். அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் பெலன் எனக்கு இன்று இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. இன்று எனக்குத் தேவையானது, காலையில் கஞ்சி காய்ச்சவும், மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கவும், அவள் பேச விரும்பாத நேரத்தில் பேசாதிருக்கவும் வேண்டிய பெலன். அது இந்நாள்வரை ஒரு காலையிலும் குறைவுபடவில்லை. மன்னா என்ற சொல்லே, இது என்ன என்று கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது என்பார்கள். எங்கள் வீட்டுக்கும் அது அப்படியே வந்தது; பார்த்தவுடன் இன்னதென்று விளங்காத வடிவங்களில் வந்தது.

வார்த்தையில்லாத ஜெபம்

அவற்றில் ஒன்றைச் சொல்லுகிறேன். இரண்டாம் முறை மருந்து ஏற்றிய பத்தாம் நாள், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு. எங்களுக்குச் சொல்லியிருந்த விதி ஒன்றுதான்: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது, வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்கவும் கூடாது, உடனே வந்துவிட வேண்டும். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம். அன்றிரவு 10 மணிக்குத் தெர்மாமீட்டர் 101 காட்டியது. நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளை ஒருவன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரப் பயணம். வழியெல்லாம் அவள் கண்ணை மூடியபடி என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை நெருப்பாய்ச் சுட்டது.

கைநரம்பு வழியாக மருந்து ஏற்றத் தொடங்கியபின், கட்டிலருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெபிக்க முயன்றேன். நான் போதகனாகி 23 ஆண்டுகள் ஆகின்றன. எத்தனையோ கட்டில்களின் அருகே நின்று, எத்தனையோ குடும்பங்களுக்காக ஜெபித்திருக்கிறேன். அன்று ஒரு வாக்கியமும் உருவாகவில்லை. ஆண்டவரே என்று தொடங்குவேன். அதற்குமேல் ஒன்றும் வராது. சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதம் என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய மற்றெல்லாப் புலம்பல் சங்கீதங்களும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். இதுவோ இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது. இருளிலிருந்து எழும் முனகலையும் கர்த்தர் ஜெபம் என்று ஏற்றுக்கொள்ளுகிறார் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டியதில்லை. வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும் நமக்காக ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் அப்படிப்பட்ட இரவுகளுக்காகவே.

விடியற்காலை 4 மணிக்கு என் கைப்பேசி அதிர்ந்தது. நம் ஆலயத்தில் உயிர்த்தெழுதலின் அதிகாலை ஆராதனை தொடங்கியிருந்தது. உபதேசியார் ஆராதனையை நடத்தினார். உங்களில் ஒருவர் என்னை அழைத்து, ஒன்றும் பேசாமல், கைப்பேசியைப் பாடற்குழுவின் பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். நான் அதைக் காதோடு வைத்துக்கொண்டு, நீங்கள் பாடுவதைக் கேட்டேன். இருநூறு பேர் என் இடத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சேர்ந்து பாடவில்லை. பாட வேண்டிய அவசியமும் அன்று எனக்கு இல்லை.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நான்குபேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று அங்கே வாசிக்கிறோம். படுத்திருந்தவனுடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று அந்த வேதபகுதி ஒன்றும் சொல்லவில்லை. சுமப்பதற்கு நால்வர் இருந்தார்கள், அது போதுமானதாயிருந்தது. திருச்சபை என்பது இதுதான். ஒருவனுடைய விசுவாசம் படுத்துவிடும் இரவில், மற்றவர்களுடைய விசுவாசம் அவனைச் சுமக்கும். அடுத்த மாதம் நீங்கள் படுத்திருக்கும்போது, நாங்கள் ஒரு மூலையைப் பிடிப்போம்.

மருந்தும் விசுவாசமும்

இதை எழுதும்போது ஒரு கடினமான காரியத்தையும் தொடாமலிருக்க முடியவில்லை. எங்களைக் காண வந்தவர்களில் வேறோர் ஊரைச் சேர்ந்த ஒருவர், முழு விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று கேட்டார். மருந்தை நிறுத்திவிட்டு உபவாசத்தில் நிற்கச் சொன்னார். அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. என் மனைவிதான் பதில் சொன்னாள்: "உபவாசம் இருக்க எனக்கு ஆசைதான் ஐயா. ரெண்டு வாரமா சாப்பிட முடியாமத்தான் இருக்கேன். கர்த்தர் அதைக் கணக்கில வச்சுக்கட்டும்." அவர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். அந்த மாதத்தில் நாங்கள் சிரித்த சில தடவைகளில் அது ஒன்று.

ஆனால் கேள்வி சிரிப்போடு முடிந்துவிடுவதில்லை. நம் சபைகளில் பலரை அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. எனவே வேதத்தைப் பார்ப்போம். எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டுகள் ஆயுசு கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தர் தாமே வாக்குப்பண்ணினார். அப்படிச் சொன்னபின்பும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து அவனுடைய பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் ஏசாயா. வாக்குத்தத்தம் மருந்தைத் தள்ளிவிடவில்லை. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குத் திராட்சரசத்தைப் பரிந்துரைத்தான். துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவிலே விட்டுவந்தான். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டபோது பவுல் துக்கத்தால் நிறைந்திருந்தான். இவர்களில் ஒருவரையும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று அவன் எழுதவில்லை. அவனோடு பயணம் செய்த லூக்காவோ ஒரு வைத்தியன். பிறவிக் குருடனைக் கண்டு, பாவஞ்செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்க மறுத்தார்.

முதல் முறை மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள், யாக்கோபு நிருபம் சொல்லுகிறபடி, மூப்பர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவளுக்கு எண்ணெய் பூசி ஜெபித்தீர்கள். மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். இவை ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு காரியங்கள் அல்ல. 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய ஊழியம், இன்று உலகமறிந்த மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. அதைக் கட்டியது விசுவாசமல்லாமல் வேறென்ன? கிறிஸ்துவின் பெயரைத் தரிக்காதவர்கள் வழியாகவும் கர்த்தர் நமக்குக் கிருபை செய்திருக்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை அவர் வீணாக விடவில்லை. அதன் பலனாக 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஒரு சகோதரியின் கண்ணீர் எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு மருந்தாயிற்று! சாப்பிடும்முன் ஸ்தோத்திரம் செய்கிறோமே, அப்படியே மருந்து ஏற்றும்முன்னும் நாங்கள் ஸ்தோத்திரம் செய்கிறோம்.

கொடுக்கப்பட்ட நாட்கள்

சுகம் கிடைக்காவிட்டால்? இதையும் நாங்கள் இருவரும் பேசியிருக்கிறோம்.

சி. எஸ். லூயிஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். 1956இல் அவருடைய மனைவி ஜாய் டேவிட்மேனுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருப்பது தெரியவந்தது. 1957 மார்ச் 21 அன்று, மருத்துவமனைக் கட்டிலருகே ஒரு குருவானவர் அவர்களுக்குத் திருச்சபை முறைப்படி விவாகம் நடத்தி, அவள்மேல் கைகளை வைத்துச் சுகத்துக்காக ஜெபித்தார். நாட்கள் எண்ணப்பட்டிருந்த அந்தப் பெண் எழுந்து நடந்தாள். வீட்டை நடத்தினாள். ஆனால் 1959இல் நோய் திரும்பியது. அந்த நிலையிலும் இருவரும் 1960 ஏப்ரலில் கிரேக்க தேசத்துக்குப் போய் வந்தார்கள். அவ்வாண்டு ஜூலை 13 அன்று அவள் மரித்தாள். அதன்பின் லூயிஸ் தம் துக்கத்தைக் குறிப்பேடுகளில் எழுதினார். கர்த்தரை நோக்கி எழுந்த கோபமும் கேள்விகளும் அதில் மறைக்கப்படாமல் இருக்கின்றன. 1961இல் அதை வேறொரு பெயரில் வெளியிட்டார்.

அந்த ஜெபம் கேட்கப்பட்டதா, கேட்கப்படவில்லையா? மூன்று ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கப்பட்டது. பின்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. முதலாவதைப் பார்த்து இரண்டாவதை மறைக்க எனக்கு மனமில்லை. இரண்டாவதைப் பார்த்து முதலாவதை மறுக்கவும் மனமில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவர் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை கேட்டார். அது நீங்கவில்லை. ஆயினும் கேட்டது அவிசுவாசம் அல்ல. பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தது தோல்வியும் அல்ல. அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று எபிரெய வாலிபரும், எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. அவர் விடுவிக்காமற்போனாலும் நாங்கள் வேறொன்றைப் பணியமாட்டோம் என்றும் அறிக்கையிட்டார்கள். நாங்கள் ஒவ்வொரு நாளும் சுகத்தைக் கேட்கிறோம், தெளிவாகவே கேட்கிறோம். அதை எங்கள் விசுவாசத்துக்கு நிபந்தனையாக்கவில்லை, அவ்வளவே.

மூன்றாம் முறைக்குப்பின் அவளுடைய வாயெல்லாம் புண்ணாயிற்று. தண்ணீர் விழுங்குவதும் வேதனை. அந்த வாரம் திருவிருந்து ஆராதனை முடிந்தபின், அப்பத்தையும் இரசத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பத்தின் ஒரு சிறு துண்டை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். உடைக்கப்பட்ட சரீரத்தைக் குறித்த வார்த்தைகளை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்தருகே நின்று சொல்லியிருக்கிறேன். அன்று அதைச் சொல்லும்போது, முடியில்லாத தலையோடும் புண்பட்ட வாயோடும் என்னெதிரே இருந்தவளையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் மெதுவாக விழுங்கினாள். அன்று காலை அவளுக்குள் இறங்கிய ஆகாரம் அது ஒன்றே. அந்த ஒரு நாளுக்கு அது போதுமானதாயிருந்தது.

அவள் சொல்லச் சொன்னவை

இத்தியானத்தை எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சபைக்கு இன்னும் சில காரியங்களைச் சொல்லும்படி அவள் கேட்டுக்கொண்டாள். அவளுடைய வரிசையிலேயே தருகிறேன்.

முதலாவது, நம் சகோதரிகளுக்கு. மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தோலில் சுருக்கமோ, காம்பு உள்வாங்குதலோ, இரத்தம் கலந்த நீர்க்கசிவோ கண்டால் வெட்கத்தினால் மறைக்காதீர்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல; ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை எளிதாகும். பிழைக்கும் வாய்ப்பும் கூடும். நம் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று போதிக்கப்பட்டிருக்கிறோம்; ஆலயத்தைக் கவனிப்பதில் என்ன வெட்கம்? கணவன்மாரே, உங்கள் மனைவி இதைச் சொல்லும் நாளில், அறுவடை முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று சொல்லாதிருங்கள்.

இரண்டாவது, நோயாளியைக் காண வருகிறவர்களுக்கு. சளியோ இருமலோ இருந்தால், அன்பினிமித்தம் வராதிருங்கள். அதே நோயில் மரித்த உறவினரின் கதையைக் கட்டிலருகே சொல்லாதிருங்கள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போவதைக்காட்டிலும், ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள். தினமும் காலையில் இரண்டு நாட்டுக்கோழி முட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விடும் ஒரு பாட்டியம்மா நம் சபையில் உண்டு. நன்றாக வேகவைத்து அதைத்தான் அவள் சாப்பிடுகிறாள். "மன்னாவும் இப்படித்தான் சத்தமில்லாம வந்திருக்கும்" என்பாள்.

மூன்றாவது, துணைக்கு இருக்கிறவர்களுக்கு. இதை என்னை நினைத்தே சொல்லுகிறாள் என்று அறிவேன். சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்த எலியாவுக்குக் கர்த்தர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூதனை அனுப்பி, சுடப்பட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார், மறுபடியும் ஆகாரம் கொடுத்தார். பயணம் நெடியது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, நோயாளியைக் கவனிக்கிறவர்களே, வேளைக்குச் சாப்பிடுங்கள். யாராவது ஒரு இரவு மாற்றுக்கு வருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லாமல் போய் உறங்குங்கள். அதுவும் கர்த்தர் அனுப்பும் அடைதான்.

அடுத்த வியாழக்கிழமை பன்னிரண்டாம் முறை. புதன்கிழமை மாலையில் இரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் போதுமான அளவில் இருந்தால்தான் மறுநாள் மருந்து ஏற்றுவார்கள். அந்த இரண்டு நாட்களுக்காக மட்டும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் முறைக்காக அடுத்த வாரம் கேட்கலாம்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம பிதாவே, வனாந்தரத்தில் உம்முடைய ஜனத்தை ஒவ்வொரு காலையிலும் போஷித்தவரே, இந்த நாளுக்குரிய பெலனை எங்களுக்குத் தந்தருளும். நாளைக்குரியதை உம்முடைய கரத்திலேயே விட்டுவைக்க எங்களுக்கு உதவிசெய்யும். எங்கள் சபையில் வியாதியாயிருக்கும் ஒவ்வொருவரையும், அவர்களருகே விழித்திருக்கும் ஒவ்வொருவரையும் நினைத்தருளும். மருத்துவர்களின் கைகளையும் தாதியரின் கைகளையும் ஆசீர்வதியும். சுகத்தைக் கேட்கிறோம் ஆண்டவரே. உம்மால் கூடும் என்று விசுவாசித்துக் கேட்கிறோம். நீர் தருவது எதுவாயினும், அதில் உம்முடைய பிரசன்னம் எங்களைவிட்டு எடுபடாதிருக்கட்டும். ஜெபிக்க வார்த்தையில்லாத இரவுகளில் எங்கள் மௌனத்தையும் ஏற்றுக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்